கம்பத்தை உயர்த்தச் சொன்ன கை

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், இந்த இரண்டு வாரமாக அந்த வார்த்தை நம் வீட்டுக்குள் வரமாட்டேன் என்கிறது, அதனால் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்றேன், ஆள் எதற்கு நானே பார்க்கிறேன் என்று பிரித்துப் போட்டார், மூன்று நாளாக வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறோம். உன் அறை ஜன்னல் கண்ணாடியை மாற்றியாயிற்று.

அடுத்த மாதத்திலிருந்து நீயே தனியாக ஒரு குழுவை அழைத்துக்கொண்டு நிலம் அளக்கப் போகிறாய், கையோடு என்னென்ன இருக்க வேண்டும், ஒரு பட்டியல் போட்டு அனுப்பு என்று கேட்டிருந்தாய். நடுவில் இப்படி ஆகிவிட்டது, போனில் நீ அழுதாய், எனக்கு அழுகை வரவில்லை, பட்டியலை இரண்டு பேரும் மறந்துவிட்டோம். இப்போது எழுதுகிறேன். காலிலிருந்து ஆரம்பி. கணுக்கால் மூடுகிற பூட்ஸ், உன் அளவுக்கு ஒரு எண் பெரியதாக வாங்கு, மத்தியானத்துக்குள் பாதம் வீங்கிவிடும். தொப்பிக்கு முன்விளிம்பு மடங்க வேண்டும், இல்லாவிட்டால் கருவியில் கண்ணை வைக்கும்போதெல்லாம் இடிக்கும். பை வைத்த பளிச்சென்ற மேற்சட்டை வாங்கினால் பைக்கு மூடி இருக்கிறதா பார், குனிந்தால் பென்சில் கிணற்றுக்குள் போய்விடும், எனக்குப் போயிருக்கிறது. எஃகு டேப்பை ஈரம் பட்ட அன்றைக்கே எண்ணெய்த் துணியால் துடை. துணி டேப்பை உன் சித்தப்பா வருகிறேன் என்று சொல்லும் நேரத்தை நம்புகிற அளவுக்கு நம்பு, அதற்கு மேல் வேண்டாம். தூக்குக்குண்டு இரண்டு, ஒன்று எப்படியும் தொலையும். சுத்தியல், ஆணி, சிவப்பு பெயின்ட் டப்பா. குடை எடுத்துக்கொள், அது கருவிக்கு, உனக்கு இல்லை. குறிப்புப் புத்தகத்தில் பென்சிலால் எழுது, மழையில் மை கரைந்துவிடும். ரப்பர் மட்டும் வைத்துக்கொள்ளாதே, தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே எழுது, தப்பும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். வாக்கி டாக்கி இரண்டையும் முந்தின நாளே சார்ஜ் போட்டுப் பேசிப் பார்த்துவிடு. மட்டம் பார்க்கும் கம்பம் கண்ணாடி இழையில் செய்ததாக இருக்க வேண்டும். அலுமினியக் கம்பத்தை ஆபீஸில் கொடுத்தால் தொடாதே, வேலை ஒரு நாள் நின்றால் நிற்கட்டும்.

உனக்குப் போனில் முழுதும் சொல்லவில்லை. விபத்து என்று மட்டும் சொன்னேன், நீயும் தோண்டவில்லை. அன்று புதன்கிழமை. கிடங்குகளுக்குப் பின்னால் மழைநீர்க் கால்வாய் வெட்டப் போகிறார்கள், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று மட்டம் பார்த்துக் கொடுக்க வேண்டும். எனக்குக் கம்பம் பிடிக்கிற கொக்கு மாமாவும் நானும் மட்டும்தான் போனோம். கண்ணாடி இழைக் கம்பத்தை வேறொரு குழு எடுத்துப் போயிருந்தது, அலமாரியில் அலுமினியம்தான் இருந்தது. வாக்கி டாக்கி இரண்டில் ஒன்று ஒரு மாதமாகவே செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது, புதிது வேண்டும் என்று ஒரு தாள் எழுத வேண்டியவள் நான், இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். இப்போது ஆபீஸில் எட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அன்றைக்கு அது பேசவே இல்லை, போனால் போகட்டும் கை இருக்கிறதே என்று கிளம்பினோம். பத்தொன்பது வருஷமாக அவருக்கும் எனக்கும் கைதானே பாஷை. உனக்குத் தெரியும், கம்பத்தைப் பிடித்து நின்றார் என்றால் மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டார், அதற்குத்தானே ஆபீஸ் முழுக்க அவரைக் கொக்கு என்றது. கம்பத்து முதுகில் இருக்கும் மட்டக் குமிழி நடுவுக்கு வந்ததும், பாப்பா தூங்கிடுச்சு, சத்தம் போடாம படிங்கக்கா என்பார். அன்று காலையும் டீக்கடையில் என் டீயில் சர்க்கரை போடச் சொல்லிவிட்டு, கசப்பா மூஞ்சிய வெச்சுக்கிட்டா அளவும் கசப்பாத்தான் வரும் என்று சிரித்தார்.

பதினோரு மணிக்கு மேல் இருக்கும். அவர் பள்ளத்தில் இறங்கி நின்றார், நான் மேட்டில் கருவியோடு, நடுவில் நாற்பத்தைந்து மீட்டர். பார்த்தால் கம்பத்தின் தலை எனக்குக் கீழே நிற்கிறது, எண் கிடைக்கவில்லை. கையை நேராக மேலே தூக்கினேன், கம்பத்தை இன்னொரு கட்டம் இழுத்து உயர்த்து என்று அர்த்தம். கண்ணைக் கருவியிலிருந்து எடுக்கவில்லை. அந்த வட்டத்துக்குள் என்ன தெரியும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, கம்பமும் எண்களும்தான். முந்தின வார மழையில் ஒரு மின்கம்பம் சாய்ந்து, அதன் கம்பிகள் அந்தப் பள்ளத்துக்கு மேலே தொய்ந்து தொங்கியது வட்டத்துக்கு வெளியே. இடத்துக்குப் போனதும் ஒரு முறை தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்ப்பது என் வேலை, அன்று பார்க்கவில்லை, மத்தியானத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். எண்கள் ஏறின, நாலு புள்ளி என்று வாய்க்குள் சொன்னேன், அதற்கு அடுத்த எண்ணைப் படிப்பதற்குள் வட்டம் காலியாகிவிட்டது. ஏன் இப்படி ஆட்டுகிறார் இந்த மனுஷன் என்று எனக்குக் கோபம் வந்தது. கம்பம் அந்தக் கம்பியைத் தொட்டு அவர் செத்துக்கொண்டிருந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது, பெரியவளே. இதை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அவர் ஏன் மேலே பார்க்கவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மேனேஜர் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு, தட்டச்சு செய்த ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். ஊழியர் எந்த உத்தரவும் இல்லாமல் கவனக்குறைவாகத் தானாகவே கம்பத்தை உயர்த்தினார் என்று இருந்தது, கீழே என் கையெழுத்துக்கு இடம். நான் கை காட்டினேனே சார் என்றேன். அதற்கு அவர், நீங்க கை காட்டினத பார்த்தது ஒரே ஆளு, அவரு இப்ப இல்ல, யோசிச்சுக்குங்க என்றார். கெட்டவர் இல்லை, என் பொருட்டுத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன், யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல்கூடச் சொன்னார். சறுக்கியது யானை, நசுங்கியது யார் என்று கேட்க நினைத்தேன். தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா படித்துவிட்டு, ரிட்டையராக ரெண்டு வருஷம்தான் இருக்கு, பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடு என்றார். அப்பாவிடம் தாளைப் பற்றித் தெரிந்துகொண்டு நீயும் அதையேதான் சொன்னாய், அம்மா போட்டுடும்மா, உண்மையச் சொன்னா அவரு எழுந்து வரப்போறாரா என்று. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, பெற்றவளைக் காப்பாற்றச் சொல்கிறது உன் மனசு, நீ என் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இரண்டு பேரும் எனக்குக் கரண்டி எடுத்துக் கொடுத்தீர்கள், அதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் மட்டும் என்ன, ஒரு வாரம் அந்தத் தாளைக் கிழிக்கவும் இல்லை, கையெழுத்துப் போடவும் இல்லை, பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன்.

பதினோரு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டாம் மாடி, படிக்கட்டில் விளக்கு எரியவில்லை. வாசலில் அவர் மனைவி அவருடைய பூட்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள், நாடாவைத் தனியாகப் பிழிந்து கம்பியில் போட்டிருந்தாள். உட்காருங்கக்கா என்றாள், ஒரே நாற்காலி, அதில் மடித்து வைத்திருந்த துணியை எடுத்துவிட்டு என்னை உட்கார வைத்துவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். ஆபீஸிலிருந்து வந்த கடிதத்தை எடுத்துக் காட்டினாள், நான் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே அவளுக்கு அனுப்பிவிட்டார்கள், அதே வரி, கவனக்குறைவாகத் தானாகவே என்று. அதைப் படித்ததும் என்னால் சுற்றி வளைக்க முடியவில்லை. நான்தான் கை காட்டினேன், மேலே பார்க்காமல் காட்டினேன், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லிவிட்டேன். கத்துவாள், அடிப்பாள் என்றுகூட நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கடிதத்தை மடித்தாள், திரும்பப் பிரித்தாள். அப்புறம், அக்கா கை காட்டாம ஒரு அங்குலம் தூக்கமாட்டேன்னு பெருமையா சொல்லுவாரு, அப்படிப்பட்ட ஆளு அன்னிக்கு மட்டும் ஏன் அவசரக்குடுக்கையா நடந்துக்கிட்டாருன்னு பதினோரு நாளா அவரைத்தான் திட்டிட்டிருந்தேன், படுத்தாலும் திட்டுறேன், எழுந்தாலும் திட்டுறேன், நீங்க முதல் நாளே சொல்லியிருக்கலாமேக்கா என்றாள். எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் காத்திருந்தேன், வெளியே வரவில்லை. நானே கதவைச் சாத்திக்கொண்டு இறங்கி வந்தேன்.

திங்கட்கிழமை ஆபீஸில் நடந்ததை என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். அதனால் இனிமேல் நீ அப்பாவுக்குப் போன் போட்டு என்னைத் தடுக்கச் சொல்ல வேண்டாம். அப்பாவும் கூட வந்தார், முழங்காலோடு மாடி ஏற முடியாமல் கீழே சுவரில் சாய்ந்தபடி இரண்டு மணி நேரம் நின்றார், என்ன ஆச்சு என்றுகூடக் கேட்கவில்லை, என் கையிலிருந்த பையை மட்டும் வாங்கிக்கொண்டார். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேலை போகலாம், வழக்கும் வரலாம், நீ பயப்படாதே, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் சோறு இறங்குகிறது. நேற்று அலமாரிச் சாவியை ஒப்படைக்கப் போனபோது அவர் மனைவி மேனேஜர் அறையில் நின்றுகொண்டிருந்தாள். நான் எழுதிக் கொடுத்ததைப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறாள். என் கைச் சைகையைப் பார்த்த பிறகே அவர் உயர்த்தினார் என்ற வரி வந்ததும், அத இன்னொரு தடவ படிங்க என்றாள். படித்தார். இன்னொரு தடவை என்றாள். மூன்றாவது முறை கேட்டுவிட்டு, சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள், என்னைத் தாண்டித்தான் போக வேண்டும், என் முகத்தைப் பார்க்காமல் படியில் இறங்கிப் போய்விட்டாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி. நீ நன்றாக இருக்க வேண்டும், உன்னோடு வெயிலில் நிற்கிறவர்கள் எல்லோரும் நன்றாக இருந்து சாயங்காலம் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். உன்னிடம் கம்பம் பிடிக்க ஒருவர் வருவார். அவர் உன்னை நம்புவதற்கு ரொம்ப நாள் ஆகாது, அதற்குப் பிறகு அவர் மேலே பார்க்கமாட்டார், உன்னைத்தான் பார்ப்பார். அவருக்கும் சேர்த்து நீ பார். கண்ணைக் கருவியிலிருந்து எடு, தலையைத் தூக்கு, பார்த்த பிறகு கையைத் தூக்கு.

உன்மேல் உயிராக இருக்கும்
அம்மா