அப்பா ஆறவைத்த சூப்

அன்புள்ள அக்கா,

ஞானப்பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். இருந்த கொஞ்ச ஞானமும் போயிற்றா என்று சிரிப்பாய். சிரித்துக்கொள், எனக்குத் தையல் பிரியும்வரை சிரிக்கத் தடை.

ஸ்ட்ரா கூடாது என்றார் டாக்டர். மறுநாளே ஜூஸை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினேன். காயத்தில் உறைந்திருந்த ரத்தம் பெயர்ந்துவிட, வலியில் அலறிக்கொண்டு அவரிடமே ஓடினேன். அன்றிலிருந்து அப்பா லீவு. காய்களை மசித்து சூப் வைத்து, ஃபேனுக்கு அடியில் ஆறவைத்து, விரல்விட்டுச் சூடு பார்த்துத்தான் தருகிறார்.

மூன்று நாளைக்கு முன் ஸ்பூனை நீட்டியவர் பாதியில் நிறுத்தினார்.

"அவளுக்கும் போன வருஷம் இந்தப் பல்ல எடுத்தாங்கன்னு சொன்னியே. யாரும்மா பாத்துக்கிட்டா?"

நீ அப்பாவோடு சண்டை போட்டுக் கிளம்பி இரண்டு வருஷமாகிறது. உன்னைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி!

"யாருமில்லப்பா. ரொட்டியப் பால்ல ஊறவெச்சு அவளே சாப்பிட்டுக்கிட்டா."

ரொம்ப நேரம் கிண்ணத்தையே கலக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னும் வலிக்குதாமா அவளுக்கு?"

ஒரு வருஷத்துப் புண் எப்போதோ ஆறியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும், "தெரியலப்பா, கேட்டுச் சொல்றேன்" என்றேன். அன்றிலிருந்து தினமும் கேட்கிறார். அவரிடம் இனியும் என்னால் சமாளிக்க முடியாது.

நேரில் வந்து நீயே சொல்லிவிடு, அக்கா.

உன் படுக்கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டும் தூக்கம் வராத,
வீங்கிய கன்னத்துத் தங்கை