மூன்றாவது ஓலை இன்னும் வாசிக்கவில்லை

அன்பு மகள் எமில்டாவுக்கு அப்பா எழுதுவது. எழுத்தைப் பார்த்து முகத்தைச் சுளிக்காதே மகளே. கோடு போட்ட தாள்தான் வாங்கினேன், எழுத்துதான் கோட்டை மதிக்க மாட்டேன் என்கிறது. 'ஞ' எழுதும்போது கை மூச்சு வாங்குகிறது, அதனால் அது வரும் சொற்களை விட்டுவிட்டேன், ஞாயிற்றுக்கிழமையை மட்டும் விட முடியவில்லை. சர்வேசுரன் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. கனடாக் குளிரில் நீயும் சுகமாய் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலை சொல்கிறோம். இதைப் போனிலேயே சொல்லலாமே என்கிறாள் அம்மா. பேசத்தான் எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியுமே, எழுத இந்த வயதில்தானே படித்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரியில் படித்தபோது நீ இணையத்தில் எழுதி வந்ததையும், பிறகு நீயே அதை மூடிவிட்டதையும், மூடிய பிறகும் எவனோ ஒரு கம்பெனிக்காரன் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து உலகமே பார்க்க வைத்திருப்பதையும், அதை நீக்கச் சொல்லி நீ எழுதிப் போட்டிருப்பதையும் அம்மாவிடம் சொன்னாயாம். அப்பாவிடம் சொல்லாதே என்றும் சொன்னாயாம். அம்மா போனை வைத்த கையோடு என்னிடம் சொல்லிவிட்டாள். என் பிள்ளை தூரதேசத்தில் தனியாக ஒரு கம்பெனியோடு மல்லுக்கட்டுகிறாளே என்று எனக்குப் பொறுக்கவில்லை. ஊர் பார்க்க இருக்கும் ஒன்றை ஊரைக் கேட்காமல் எப்படி எடுப்பது? கல்யாணத்துக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசித்து, தடை உண்டா என்று கேட்கிறோமே, அதுதான் முறை என்று பட்டது. நானே உட்கார்ந்து ஓலையை எழுதினேன். பங்குச்சாமி தியானத்துக்கு வெளியூர் போயிருந்தார், பூசைக்கு மட்டும் பக்கத்துப் பங்கிலிருந்து ஒரு சாமி வந்து போனார். மெல்வின் உபதேசியார் வாங்கிப் பார்த்து, மாமா இதுக்கெல்லாம் திருச்சபையில இடம் உண்டா என்று கேட்டார். இடம் இல்லன்னு எங்கயாவது எழுதியிருக்கா, இருந்தா காட்டும், இப்ப நான் வாசிப்பேன் என்றேன். ஓலையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பூசை முடியும் நேரம், வலைக்காரர் சங்கக் கூட்ட அறிவிப்புக்குப் பிறகு வாசித்தார். விக்டர் மச்சாது, மெட்டில்டா இவர்களின் மகள் எமில்டா, தாம் இணையத்தில் எழுதிய யாவற்றையும் நீக்க விரும்புகிறார், இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள், இது முதல் ஓலை என்று. என் எழுத்தைக் கோவிலில் வாசித்தார்கள் மகளே! எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் இறுதி ஆசீர் கொடுக்கும் முன்பே ஊர் முழுக்கப் போனைக் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டது. அன்று மாலைக்குள், அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர்கள் எல்லாரும் நீ எழுதியதை முழுக்க வாசித்து முடித்துவிட்டார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

முதல் தடை பிளாரன்ஸ் அத்தை. அவள் குறட்டையைக் கேட்டுத் துறைமுகத்தில் கப்பல் வந்துவிட்டது என்று மாமா எழுந்து ஓடினார் என எழுதியிருந்தாயாம். கோபத்தில் வருகிறாள் என்று நினைத்தேன். ஏண்ணே, என்னப் பத்தி இந்த உலகத்துல வேற எவன் ஒரு வரி எழுதியிருக்கான், அதையும் எடுக்கணுமாக்கும், அந்தப் புள்ளகிட்ட சொல்லு, நான் செத்தாலும் அது கிடக்கணும் என்று அழுதாள். அடுத்து ஐஸ் கம்பெனி ஜெபின். எட்டாம் வகுப்பில் உனக்குக் காதல் கடிதம் கொடுத்து உதை வாங்கியதை எழுதியிருக்கிறாயே, அதை நகல் எடுத்து ஐஸ் வண்டியில் ஒட்டியிருக்கிறான். கனடா வரைக்கும் நம்ம பேரு போயிருக்கு பாத்தியா என்று பெண்டாட்டியிடமே பெருமை பேசுகிறான். கடைசியாக வடக்குத் தெருக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். அவர்கள் தெருவைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லையாம். மொதல்ல எங்களையும் சேத்து எழுதச் சொல்லுங்க அண்ணாச்சி, அப்புறம் எல்லாரையும் ஒண்ணா நீக்கட்டும், ஆளுக்கொரு நியாயம் வேண்டாம் என்றார்கள். விசாரிக்கிறேன் என்று காப்பி கொடுத்து அனுப்பினேன்.

இரண்டாம் ஓலையும் வாசித்த பிறகுதான் நம் பங்குச்சாமி திரும்பி வந்தார். ஓலை சேர்த்துவைக்கத்தான் வோய், அழிக்க இல்ல என்று சத்தம் போட்டார். மூன்றாவதை வாசிக்கக் கூடாது என்றார். பாதி நீக்கி பாதி நீக்காமல் என் பிள்ளை எங்கே சாமி நிற்பாள் என்று கேட்டேன். தலையில் கை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகுதான் அம்மா மிச்சத்தையும் சொன்னாள். நீ பயந்தது ஊருக்காக அல்லவாம். அப்பா வாசிக்கப் படிச்சிட்டாரே, அவர் கண்ணுல படுறதுக்குள்ள எடுத்துரணும் என்றாயாம். செல்வலட்சுமி ஜெராக்ஸ் கடையில், நீ என்னைப் பற்றி எழுதிய அந்த ஒன்றை மட்டும் பெரிய எழுத்தில் எடுத்துத் தரச் சொன்னேன். தினம் இரண்டு மூன்று வரி போகிறேன். மாலத்தீவுக்குத் தோணி ஏறும் நாளில் வழியனுப்ப நாங்கள் போனால், பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அப்பா படிப்பதுபோல் இருப்பார் என்று எழுதியிருக்கிறாய். அதில் ஒரு திருத்தம். கப்பல் படம் போட்ட பக்கத்தை நான் ஒருநாளும் தலைகீழாகப் பிடித்ததில்லை. படம் இல்லாத பக்கங்களில்தான் கஷ்டம். தோணியில் இருந்த ஒருவனும் கண்டுபிடிக்காததைச் சின்னப் பிள்ளை நீ கண்டுபிடித்து, ஒருவரிடமும் சொல்லாமல் வளர்ந்திருக்கிறாய். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இதற்கா வெட்கப்பட்டாய்?

இப்போது கடைசி வரியில் நிற்கிறேன். எங்க அப்பாவுக்கு என்று தொடங்குகிறது. அடுத்த சொல் ரொம்ப நீளம், மூன்று நாளாய்ப் பாதி தாண்டவில்லை. ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். தெருவில் போனால் என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரிக்கிறார்கள், பிளாரன்ஸ் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கிறாள். எவனாவது வாயைத் திறந்து சொன்னால் பேச்சு வார்த்தை கிடையாது என்று எல்லாரிடமும் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டேன். எனக்கு எழுத்துச் சொல்லித்தந்த அற்புதமணி டீச்சர்கூட, நீங்களே வாசிச்சு வாங்க அண்ணாச்சி, நான் சொல்லித்தர மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காலுறை போடாமல் வெளியே இறங்காதே. ராத்திரிச் சோற்றைத் தவிர்க்காதே. மாதா உனக்கு முன்னும் பின்னும் நடக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, மற்றதை எல்லாம் உன் இஷ்டப்படி எடுத்துக்கொள், இந்த ஒன்றை மட்டும் எடுக்க வேண்டாம் என்று கம்பெனிக்காரனுக்கு இன்றைக்கே எழுதிவிடு. கேட்க மாட்டேன் என்றால், எங்க அப்பா வாசிக்கிறார், மெதுவாகத்தான் வருவார் என்று சொல். அந்தச் சொல்லைக் கடந்துவிட்டால் அது என்ன என்று அடுத்த வாரம் நானே உனக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு, இது கைநாட்டு அல்ல, கையெழுத்து,
உன் அப்பா
விக்டர் மச்சாது