பாதியாகச் சுருக்கிய படம்

அன்பு மகள் சுண்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம் விசாரிப்பெல்லாம் பிறகு. கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு இந்த வரியைப் படி: வெள்ளிக்கிழமை முகாமிலிருந்து கிணற்றுக்கு நடக்கக் கிளம்பாதே. உன்கூட வருகிற நான்கு பேரையும் கிளம்ப விடாதே. நான் கொடுத்த வரைபடம் தப்பு.

பெரிய தாள் பையில் அடங்கவில்லை, மடித்த இடமெல்லாம் கிழிகிறது என்று நீ மூக்கால் அழுதாய் அல்லவா? அதனால்தான் எங்கள் வரைபட அறை ஜெராக்ஸ் மெஷினில் சரிபாதியாகச் சுருக்கி எடுத்தேன். சுருக்கினால் படம்தான் சிறிதாகும். ஓரத்தில் அச்சடித்த 1 : 25,000 என்ற எண் மாறாது, அப்படியே நிற்கும். அது இப்போது பச்சைப் பொய். பாதியான படத்துக்கு 1 : 50,000 என்று இருக்க வேண்டும். அடியில் கிலோமீட்டர் பிரித்துக் கட்டம் போட்ட ஒரு கோடு இருந்தது. படத்தோடு சேர்ந்து அதுவும் சுருங்கியிருக்கும், அது ஒன்றாவது உனக்கு உண்மையைச் சொல்லியிருக்கும். ஓரம் கோணலாக இருக்கிறதென்று அதை நானே கத்தரித்துக் குப்பையில் போட்டேன். இருபத்தாறு வருஷம் வரைபடம் போட்டவள் செய்கிற வேலையா இது?

முந்தாநாள் கடைவீதியிலிருந்து போன் செய்தபோது, கிணறு ஒன்பது கிலோமீட்டர்தான், வெயில் ஏறுவதற்குள் போய்விடுவோம், ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் போதும் என்றாய். நானும் ஆமாம் போட்டேன். இன்று காலை அசல் தாளை அலமாரியில் வைக்கப் போகும்போது சும்மா ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். முகாமிலிருந்து கிணறு வரை எழுபத்திரண்டு சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டருக்கு இருநூற்றைம்பது மீட்டர் என்றால் பதினெட்டு கிலோமீட்டர். உன் படத்தில் அது முப்பத்தாறுதான் வரும். நீ அதையும் இருநூற்றைம்பதால் பெருக்கியிருக்கிறாய். வழியில் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது, சுண்டு.

அப்போதிருந்து கூப்பிடுகிறேன், உன் போன் போகவே இல்லை. அதனால் முகாமுக்குச் சாமான் கொண்டு வருகிற லாரிக்காரரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். வியாழன் சாயங்காலம் வந்துவிடுவாராம். டயர் வழியில் மக்கர் பண்ணாமல் இருக்க வேண்டும். அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவரே லாரியில் ஏறிவிடுவார்.

25,000 என்பதை அடித்துவிட்டு 50,000 என்று எழுது. இனிமேல் ஒரு சென்டிமீட்டர் ஐந்நூறு மீட்டர். இந்தத் தாளின் பின்பக்கம் பத்து சென்டிமீட்டருக்குக் கோடு போட்டிருக்கிறேன், அது ஐந்து கிலோமீட்டர். இந்தத் தடவை என்னையும் நம்பாதே. முகாமிலிருந்து பம்ப் அறை உன் படத்தில் ஆறு சென்டிமீட்டர். லாரியை அதுவரை ஓட்டச் சொல்லி மீட்டரைப் பார். மூன்று கிலோமீட்டர் காட்டும்.

சின்ன வயதிலிருந்து நான் சொன்ன எதையும் நீ ஒரு தடவையில் கேட்டதில்லை. குடை எடுத்துப் போ என்றால்கூட எதற்கு என்பாய். இந்தப் படத்தை மட்டும், அம்மா கொடுத்தது என்று, ஒரு கேள்வி கேட்காமல் மடித்து வைத்துக்கொண்டாய். இதற்கு ஒரு தடவை எதற்கு என்று கேட்டிருக்கக் கூடாதா?

லாரிக்காரர் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறார். கிளம்பவில்லை என்று உன் கையெழுத்தில் ஒரு வரி கொடுத்தனுப்பு. கூடவே என்னைத் திட்டி நாலு பக்கம் எழுதினாலும் சரி. அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணே.

உன் அம்மா