பத்தொன்பதாவது ஆள்

அன்பு மகள் வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று எப்போதும் போல வாய் வார்த்தைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். போனில் கேட்டால் ‘நல்லா இருக்கேன்பா, அப்புறம் பேசறேன்’ என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். முப்பது வயதுப் பெண்ணை இன்னும் வாலு என்று கூப்பிடுகிறாரே என்று உன் அறைத்தோழி சிரிப்பாள், சிரிக்கட்டும். இங்கே சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சினிமா வில்லன் மாதிரி தெருவில் உலாத்துகிறார். மாடியில் குடியிருக்கும் பேங்க்காரர் வீட்டில் ஆண் குழந்தை, தொண்டை ரொம்ப நல்ல தொண்டை, தெருமுனை வரைக்கும் கேட்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் பத்து நாளாக அதைப் பற்றி ஒரு வார்த்தை புலம்பவில்லை, அதுவே எனக்கு பயமாக இருக்கிறது.

நீ ஏற்பாடு செய்து கொடுத்த சுற்றுலாவைப் பற்றி முழுதாகச் சொல்லவே இல்லை. நீ வெளிநாட்டிலிருந்து வந்ததும் மூன்று பேரும் சேர்ந்து போகலாம், மியூசியம், இசை அரங்கு, புதுக் கலைக்கூடம் எல்லாம் மூன்று நாளில் பார்க்கலாம் என்று எட்டு மாதமாகத் திட்டம் போட்டாய். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் ‘லீவு கிடைக்கல, நீங்க ரெண்டு பேரும் போங்க’ என்றாய். அம்மா கட்டி வைத்திருந்த பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டாள். எனக்கும் மனசில்லைதான், கட்டிய காசு வீணாகுமே என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். கைடு நல்ல பையன், கையில் ஒரு சின்ன மஞ்சள் கொடி, பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். பட்டியலில் மொத்தம் பத்தொன்பது பேர் இருந்தார்களாம், உன் பெயரை அடித்துவிட்டுப் பதினெட்டு என்று எழுதி எங்களிடம் காட்டினான்.

முதல் நாள் மியூசியம். வாசலே நம் பஸ் டெப்போவை விடப் பெரிது. உள்ளே போனதும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை, முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்தவன், நாலு பேர் கூட்டமாக நின்றால் எண்ணாமல் விடமாட்டேன். எண்ணினேன். பதினெட்டு வந்தது. கைடும் பதினெட்டு என்றான், கட்டைவிரலைக் காட்டினான். ஆனால் எனக்குள்ளே ஏதோ இடித்தது. கண்டக்டர் தன்னை எண்ண மாட்டான், அது உனக்கே தெரியும், நம் வீட்டுக் கல்யாணத்தில் கூட இலைக்கு ஆள் எண்ணும்போது என்னை விட்டுவிட்டு எண்ணி எனக்கே இலை இல்லாமல் போனது. அப்படியானால் எனக்குப் பதினேழுதான் வர வேண்டும். இன்னொரு தடவை எண்ணினேன், தூண் பக்கம் போய் நின்று எண்ணினேன், பதினெட்டு. என்னைச் சேர்த்தால் பத்தொன்பது. ‘வயசாச்சு, உங்களையும் சேத்து எண்ணியிருப்பீங்க’ என்று அம்மா சொன்னாள், ஆனால் அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, தன் வலது பக்கம் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மேல் மாடியில் ஒரு பெரிய ஓவியம், மழையில் நனைந்த தெருவில் ஒரு பெண் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள், அவ்வளவுதான் படம், ஆனால் தண்ணீர் சொட்டுவது கேட்கிற மாதிரி இருந்தது. அதற்கு முன்னால் தரையில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள், தாண்டினால் பீப் என்று கத்தும். நாங்கள் இரண்டு பேரும் கோட்டுக்கு ஒரு முழம் பின்னால்தான் நின்றோம். பீப் கத்தியது. மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவல்காரம்மா எழுந்து வந்து, மரியாதையாகத்தான் சொன்னாள், ‘உங்க பொண்ணக் கொஞ்சம் பின்னாடி வரச் சொல்லுங்க சார், மூக்கு படத்துல படப் போவுது.’ எந்தப் பொண்ணு என்று கேட்டேன். அவள் என் முகத்தையும் படத்தையும் பார்த்துவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, காலையிலிருந்து ஓய்வே இல்லை, கண் ஏமாற்றுகிறது என்று சொல்லித் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். சின்ன வயதில் நீ எந்தப் படத்தைக் காட்டினாலும் அப்படித்தான் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்ப்பாய். அந்த நினைப்பு வந்ததும் அம்மாவை அடுத்த அறைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டேன்.

இரண்டாம் நாள் கச்சேரி. மூன்று சீட்டு சேர்த்து வாங்கியிருந்தாய் அல்லவா, நடுவில் உன் சீட்டு. அங்கே நாற்காலி எல்லாம் ஸ்பிரிங் வைத்தது, ஆள் எழுந்தால் தானாக மேலே மடங்கிக்கொள்ளும். நாங்கள் போனபோது மூன்றும் மடங்கியிருந்தன, நான் கையால் தொட்டுப் பார்த்தேன், பொய்யில்லை. விளக்கை அணைத்து வாசிக்க ஆரம்பித்தார்கள். எழுபது எண்பது பேர் ஒரே நேரத்தில் வயலின் வில்லை இழுக்கும்போது நெஞ்சுக்குள்ளே எதையோ பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது, எனக்கு இசையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, ஆனாலும் அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கக் கர்ச்சீப்பை எடுக்கும்போது பார்த்தேன், நடு நாற்காலி விரிந்து கிடந்தது. அம்மா கை வைத்து அழுத்துகிறாளோ என்று பார்த்தால் அவள் இரண்டு கையும் மடியில் இருந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம் அது அப்படியே இருந்தது. கடைசியில் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள், நாங்களும் எழுந்தோம், அப்போது எங்களோடு சேர்ந்து அதுவும் டக்கென்று மடங்கியது. அம்மா என் காதருகில் எக்கி, ‘சத்தம் போடாதீங்க. அவ அங்க சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. இங்கயாவது ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டும்’ என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பைத்தியமா உனக்கு என்று கூட்டத்தில் வைத்தே கத்திவிட்டேன். பயத்தில் கத்தினேன் என்று இப்போது எழுதுகிறேன், அன்றைக்கு ஒப்புக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் புதுக் கலைக்கூடம். அது எனக்குக் கட்டோடு பிடிக்கவில்லை. ஒரு அறையில் வெறும் நாற்காலி, கால் வலிக்கிறதே என்று உட்காரப் போனேன், அது கலைப்பொருளாம், மூன்று பேர் ஓடி வந்தார்கள். கடைசியாக ஒரு இருட்டு அறைக்குக் கூட்டிப் போனான் கைடு. பின்னாலிருந்து வெளிச்சம் அடிக்கும், எதிரே சுவர் அகலத்துக்கு வெள்ளைத் திரை, அதில் நம் நிழல் விழும். நாம் நகர்ந்த பிறகும் நிழல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு மெதுவாகக் கரையும். யாரோ ஒரு கலைஞர் மிஷின் வைத்து அப்படிச் செய்திருக்கிறார். மற்றவர்கள் ஆடிப் பாடி நிழல் விட்டுவிட்டுப் போனார்கள், நாங்கள் கடைசி. திரையில் மூன்று நிழல் விழுந்தது வாலு. அம்மாவின் குட்டை நிழல், என் தொப்பை, நடுவில் ஒல்லியாக ஒன்று, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு. நீ அப்படித்தான் நிற்பாய். அம்மா கையை நீட்டினாள், அவள் நிழலும் நீட்டியது, நடு நிழல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து மூடும் மணி அடித்தார்கள். நான் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தேன். ‘வாடி போகலாம், வா, வா’ என்று அவள் திரையைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். வாசலில் நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். எங்கள் இரண்டு நிழலும் கரைந்துவிட்டது. அது கரையவில்லை.

பஸ்ஸில் ஏறியதும் கைடு எண்ணினான், பதினெட்டு. நானும் எண்ணினேன், என்னை விட்டு எண்ணினேன், பதினேழு. மூன்று நாளில் முதல் தடவையாகக் கணக்குச் சரியாக வந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. பழக்க தோஷம், டிரைவரைப் பார்த்து ‘ரைட், போலாம்’ என்று நானே குரல் கொடுத்தேன். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ‘ஒரு ஆள் ஏறலங்க’ என்றாள். பேசாமல் உட்கார் என்று அதட்டினேன். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு பயணியைக் கூட நான் வழியில் விட்டுவிட்டு வந்ததில்லை, அன்றைக்குப் பெற்ற பெண்ணை விட்டுவிட்டு வந்தேன், அந்த வருத்தத்தை எங்கே போய்ச் சொல்வது.

நாலாம் நாள் நீ போன் செய்தாய். சுற்றுலா எப்படி இருந்தது என்று நீ கேட்கவில்லை. சித்தப்பா கண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன், நடுவில் நீ தூக்கத்தில் பேசுகிற மாதிரி, ‘கதவச் சாத்திட்டாங்கப்பா. நீங்க ரெண்டு பேரும் உங்க பாட்டுக்குப் போயிட்டீங்க’ என்றாய். எந்தக் கதவு என்றேன். ‘நான் என்ன சொன்னேன்? ஒண்ணும் சொல்லலியே’ என்றாய். அந்த அறையைப் பற்றி நாங்கள் உன்னிடம் மூச்சு விட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகு நீ பேசுவது ஸ்டேஷனில் ரயில் வருகிறது என்று அறிவிக்கும் மிஷின் மாதிரி இருக்கிறது. நேற்று உன் தோழி அம்மாவைக் கூப்பிட்டாள். திட்டாதே, அவள் நல்லவள். மணிக்கணக்கில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயாம், நாலு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்புகிறாயாம். வேலை போய் மூன்று மாதம் ஆகிறது என்பதையும் சொன்னாள். லீவு கிடைக்காமல் இல்லை, எங்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுத்தான் வரவில்லை என்று இப்போது புரிகிறது. அசடே, வேலை போனால் போகிறது. உன்னை நாங்கள் சம்பளத்துக்காகவா பெற்றோம். நீ வராமல் இருந்ததுதான் எங்களுக்குக் கஷ்டம், வேறு எதுவும் இல்லை.

போன் வைத்த கையோடு கலைக்கூடத்துக்குப் பேசினேன். உங்கள் நிழல் அறையில் யாராவது நின்றுவிட்டார்களா என்று கேட்டேன், எடுத்தவர் முதலில் சிரித்தார். பிறகு குரலை இறக்கி, ‘அந்த ரூம மூடி வச்சிருக்கோம் சார். மிஷின நிறுத்தினாலும் ஒரே ஒரு நிழல் மட்டும் போக மாட்டேங்குது’ என்றார். ரிப்பேர் என்று வாசலில் எழுதி மாட்டியிருக்கிறார்களாம். அடுத்த வாரம் வியாழக்கிழமை பத்து மணிக்கு மெக்கானிக் வந்து உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஓட விடுவாராம். அழித்துவிட்டு என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். உன்னைச் சொல்கிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

அதனால் புதன்கிழமையே நானும் அம்மாவும் கிளம்புகிறோம். வியாழன் ஒன்பதரைக்கு, மெக்கானிக் வருவதற்கு முன்னால், அந்த அறையில் அரை மணி நேரம் நிற்க அனுமதி வாங்கியிருக்கிறேன், கலைக்கூடத்துக்காரரிடம் என்ன சொல்லி வாங்கினேன் என்று கேட்காதே, இந்த வயதில் அழுதால் யாரும் மறுப்பதில்லை. இங்கே ஒன்பதரை என்றால் உனக்கு மத்தியானம் இரண்டு மணி. இந்தக் கடிதம் ஐந்து நாளில் வந்துவிடும் என்று கூரியர்காரர் அடித்துச் சொன்னார். நீ பிரிக்காமல் போட்டுவைத்தால் உன் தோழி வாய்விட்டுப் படித்துக் காட்டுவாள், சொல்லி வைத்திருக்கிறேன். அன்றைக்குக் காலையில் வயிறு நிறையச் சாப்பிடு. தலை வாரிக்கொள். ஜன்னலைத் திற, வெளிச்சத்தில் உட்கார். சரியாக இரண்டு மணிக்கு நான் திரைக்கு முன்னால் நின்று உன்னை வாலு என்று கூப்பிடுவேன், என் குரல்தான் உனக்குத் தெரியுமே, கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரல். காதில் விழுந்தாலும் விழாவிட்டாலும் ‘வந்துட்டேம்பா’ என்று வாய்விட்டுச் சொல்லு. மனசுக்குள் சொன்னால் போதாது, பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு மூட்டையைக் கட்டு, டிக்கெட் நான் போடுகிறேன்.

எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. நீ நல்லபடியாக, நீயாகவே இருக்க வேண்டும், வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. இரண்டு மணி, மறந்துவிடாதே. இன்னொன்றையும் எழுதாமல் மறைக்கக் கூடாது. நீ பதில் சொல்லவில்லை என்றால் அம்மா என்னோடு திரும்பி வரமாட்டாளாம். மெக்கானிக் அழிப்பதற்குள் திரைக்குள்ளே உன் பக்கத்தில் போய் நின்றுகொள்வாளாம், பிள்ளை அங்கே தனியாக நிற்கக் கூடாதாம். நேற்றே நல்ல புடவையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள், நான் சொல்வதைக் கேட்கிற ஆள் இல்லை அவள். நான் தனியாக வீட்டுக்கு வந்து என்ன செய்வேன். பதில் சொல்லுடி கண்ணே.

இப்படிக்கு,
உன்னைக் கூப்பிடப் போகும்
அப்பா