பெட்டியில் பூட்டிய சைகைக் கண்ணாடிகள்

நீர்வளம் குன்றாத ஏழ்குன்ற நாட்டின் பேரரசி மாநற்கிள்ளி தேவியாரின் ஆணைப்படி, தலைமை அமைச்சர் நன்னுதலார் செங்காற்றுக் கரைக் கல்விச்சாலைக்கு விடுக்கும் ஓலை. ஆசிரியரும் மாணாக்கரும் நலமே வாழ்க. அனைவரும் கூடியிருக்க இது உரக்க வாசிக்கப்படுக.

மலையில் வெள்ளம் எழுந்தால் வெயிலொளியைத் திருப்பிக் கீழ்நாட்டுக்குச் சேதி சொல்லவென்று, மூன்றாண்டுகளுக்கு முன் முப்பது சைகைக் கண்ணாடிகளை அரசியார் அச்சாலைக்கு அனுப்பினார். ஆசிரியரின் கை தேறாத கருவியை மாணாக்கர் தொடலாகாது என்பது அங்கு விதி. தலைமையாசிரியர் சாத்தங்கீரனார் கொல்லையில் தனியே நின்று பத்து நாள் முயன்று பார்த்தார். ஒளி கூரையில் விழுந்தது, முருங்கையில் விழுந்தது, வேண்டிய இடத்தில் மட்டும் விழவில்லை. நாற்பதாண்டுகள் இலக்கணம் பயிற்றிய பெருமகனாருக்கு அது பெரும் வெட்கமாய்ப் போயிற்று. கண்ணாடிகளைப் பெட்டியில் பூட்டி, சந்தனம் பூசி, மாலை சாத்தி, நல்ல நாள் பார்த்துத் திறப்போம் என்றார். மூன்றாண்டுப் பஞ்சாங்கத்தில் ஒரு நல்ல நாளும் அவர் கண்ணில் படவில்லை.

மாணாக்கியர் காத்திருக்கவில்லை. கயற்கொடி என்பாளும் அவள் தோழியர் அறுவரும் மலைக்காவலரிடம் சைகைகளைக் கேட்டறிந்து, தாம் உண்ணும் பித்தளைத் தட்டுகளைத் துலக்கி வைத்துப் பழகினர். சென்ற திங்கள், மழை விட்டு வெயில் அடித்த காலையில் மேலேரிக் கரை உடைந்தது. மலைக்காவலர் ஒளியால் மின்னவிட்ட சேதியை அவர்களே படித்து, தட்டுகளைக் கொண்டே கீழ்நாட்டுக் காவலருக்கு அனுப்பினர். மூன்று ஊரார் மேடேறிப் பிழைத்தனர். மறுநாளே, விதி மீறினர் என்று எழுவரையும் சாலையை விட்டு விலக்கினார் சாத்தங்கீரனார்.

ஆதலின் ஆணையாவது: இவ்வோலை வாசித்து முடியுமுன் எழுவரும் உள்ளே அழைக்கப்படுக. அவ்விதி இன்றோடு ஒழிக. பெட்டி திறக்கப்படுக, சாவி அகப்படாவிடில் உடைக்கப்படுக. சாத்தங்கீரனார் தம் பதவியிலேயே இருப்பார். இலக்கணத்தில் அவருக்கு நிகரானவர் இந்நாட்டில் இல்லை. ஆயினும் நாள்தோறும் முற்பகலில் முதல் வகுப்புப் பலகையில் அமர்ந்து கயற்கொடியிடம் சைகை பயில்வார். அவர் பிழை செய்தால் சிரிக்க அவளுக்கு உரிமை உண்டு. சலிக்காமல் மறுபடி சொல்லித்தரும் கடமையும் உண்டு. ஐப்பசி மழைக்கு முன் அவர் கை தேறியாக வேண்டும்.

இதைத் தண்டனை என்று அவர் எண்ணற்க. அன்று காலை அதே ஒளி தலைநகர மாளிகைச் சுவரிலும் வந்து துடித்தது. இவ்வோலையை விடுக்கும் அறுபது வயதான நன்னுதலார் அதைப் பிள்ளைகளின் குறும்பு என்று சினந்து, திரையை இழுத்துவிடச் சொன்னார். அவர் எச்சரித்திருக்க வேண்டிய தாழைத்துறையில் பதினொருவர் மாண்டனர்.

பலகையில் சாத்தங்கீரனாருக்கு அருகே இன்னோர் இடம் விடப்படுக. வரும் வளர்பிறை முதல் நாளில் நன்னுதலார் வந்து அமர்வார்.

தாழைத்துறையார் முன்னிலையில் எழுதி முடிந்து, அரசியாரின் இலச்சினை இடப்பட்டது. இவ்வாணைக்கு மாற்றமில்லை.