டீ குடிக்கும் துப்பறிவாளன்

பெங்களூர்
12.8.2006

அன்புள்ள சுபாவுக்கு,

அத்தை பையன் சுரேந்தர் எழுதுவது. நீயும் மாமாவும் பனியன் கம்பெனியும் நலமாக இருப்பீர்கள். போனில் சொல்லலாம் என்றால் எப்போதும் மாமாதான் எடுக்கிறார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

இத்துடன் ஒரு சி.டி. நானே செய்த கம்ப்யூட்டர் விளையாட்டு. சாயப்பட்டறையில் ஒரு கொலை, பிணம் சாயத் தொட்டியில். துப்பறியும் அர்த்தநாரி, அவன் மனதுக்குள் காதலிக்கும் நதியா. அவன் என்ன பேச வேண்டும் என்று நீதான் தேர்ந்தெடுக்க வேண்டும். செக்கிங் டேபிளில் பனியனைப் பார்ப்பதுபோல் பார்த்துக் குறை சொல்.

அன்புடன்,
சுரேந்தர்

நல்லூர், திருப்பூர்
21.8.2006

அன்பு மச்சானுக்கு,

குறைதானே கேட்டீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி கம்ப்யூட்டரில் போட்டேன். முதல் காட்சியிலேயே பட்டறை முதலாளியின் கை நீலமாக இருக்கிறது. எட்டிப் பார்த்த கட்டிங் மாஸ்டர் வெள்ளியங்கிரி அண்ணன், "ஏனுங்க பாப்பா, தொட்டியில தள்ளுனது அந்தாளுதானுங்களே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அர்த்தநாரிக்கு மட்டும் தெரியவில்லை. வீடு வீடாகப் போய் டீ குடிக்கிறான். ஒவ்வொரு டீயையும் ஊதி ஊதிக் குடிக்கிறான். தாண்டிப் போகவும் வழியில்லை. அதற்குள் நான் ஒரு ஆர்டருக்கே செக்கிங் முடித்துவிட்டேன்.

காதலோ கண்றாவி. நதியா வாசலில் வந்து நிற்கிறாள். அவன் பேச மூன்றே தேர்வு: "மழை வருமா?", "அப்பா இருக்காருங்களா?", "அப்புறம் வர்றேன்." மனசில் இருப்பதைச் சொல்ல நாலாவது எங்கே, மச்சான்? கடைசியில் திடீரென்று இருவர் கழுத்திலும் மாலை. எப்போது பேசினார்கள்?

இன்னொன்று. பல்லடத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்களாம். முறைமாப்பிள்ளை உங்களைக் கேட்காமல் அப்பா வெளியே கொடுக்கமாட்டார். போன் செய்வார். பார்த்துப் பேசுங்கள்.

சுபஸ்ரீ

பெங்களூர்
26.8.2006

அன்புள்ள சுபா,

கதை இழுக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். டீயைக் குறைக்கிறேன்.

மாமா போன் செய்தார். குரலைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். "ஏஞ்சாமி, பல்லடத்துல புள்ளையக் கேக்கறாங்க. முறைக்காரன், உனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லீல்ல?" என்றார். பெரியவர்கள் எது கேட்டாலும் என் வாய் சொல்வதையே சொன்னது: "இல்லீங்க மாமா. சரிங்க மாமா. நல்லதுங்க மாமா."

போனை வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னேன் என்று உறைத்தது. என்ன செய்யட்டும்?

சுரேந்தர்

நல்லூர்
30.8.2006

மச்சான்,

"நல்லதுங்க மாமா"வா? உங்கள் வாயை ஓவர்லாக் மெஷினில் கொடுத்துத் தைக்க! அப்பா சந்தோஷமாகப் பல்லடத்துக்குச் சொல்லிவிட்டார். பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். பஜ்ஜிக்கு வாழைக்காய்கூடச் சொல்லியாகிவிட்டது. நான் அழுவதை அம்மா வெங்காயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கப்பலைத் தவறவிட்ட சரக்கை இங்கே என்ன செய்வோம்? நஷ்டமானாலும் விமானத்தில் ஏற்றுவோம். எனக்கு உங்களைத்தான் பிடித்திருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு ஒரு வரிதான் ஆனது. அப்பாவிடம் நீங்களும் ஒரு வரி சொல்லுங்கள்.

சுபஸ்ரீ

நல்லூர்
7.9.2006

மச்சான்,

என்ன மனுஷர் நீங்கள்! ஒரு வரி சொல்லச் சொன்னால் அப்பா பெயருக்கு ஒரு சி.டி. அனுப்புகிறீர்கள். ஏதோ ஆர்டரின் டிசைன் என்று நினைத்து அப்பா ஆபீஸில் போட்டார். வெள்ளியங்கிரி அண்ணனும் நானும் பின்னால் நின்றோம். இந்தத் தடவை கொலை இல்லை. நம் வீட்டு வாசலில் அர்த்தநாரி கைகட்டி நிற்கிறான். "மாமா, எனக்கு ஆட்சேபணை இருக்குதுங்க. சுபாவை எனக்கே குடுங்க." கீழே இரண்டு தேர்வு: "சரி", "அப்புறம் பார்க்கலாம்."

அப்பா முகம் சிவந்து இரண்டாவதை அழுத்தினார். அர்த்தநாரி படியில் உட்கார்ந்தான். டீயை ஊதி ஊதிக் குடித்து முடித்தான். எழுந்து அதையே கேட்டான். அப்பா மறுபடி அழுத்தினார். மறுபடி டீ. தையல்காரர்கள் எல்லாம் மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். கடைசியில் அப்பா, "இவன் போகமாட்டானாட்ட இருக்குது, நம்ம பொழப்பு கெடுது" என்று "சரி"யை அழுத்தினார். அப்புறம் சிரித்தார், மச்சான். பல்லடத்துக்கு அவரே போன் போட்டு, "முறைக்காரன் கேக்கறானுங்க, மன்னிச்சுக்கோங்க" என்றார். எனக்கு உயிர் வந்தது.

உங்கள் டீயை இனிக் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்று. அப்பாவைக் கேட்டாயிற்று. கம்பெனி முழுக்கப் பார்க்கக் கேட்டாயிற்று. என்னை இன்னும் நீங்கள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், வாழைக்காய் வீணாகக் கூடாது. வந்து வாயைத் திறந்து கேளுங்கள். மழை வருமா என்று ஆரம்பித்தீர்களோ, நானும் இரண்டாவதைத்தான் அழுத்துவேன்.

உங்கள்
சுபா