டோரின் அக்கா கேட்ட கேள்வி

அன்புள்ள மயூரன்,

நீங்களும் பாப்பாவும் ஈப்போவில் நலம்தானே? நான் ரந்தாவில் நலம், கொஞ்சம் இருமல்.

பயப்படாதீர்கள், புகையால் வந்தது. இன்று தோட்டத்தில் எச்.ஐ.வி. தடுப்பு பற்றிப் பேசப் போனேன். வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் அந்தோணிதாஸ் எனக்கு உதவியாக மண்டபம் முழுக்கக் கொசுப்புகை அடித்து வைத்திருந்தார். "இனிமே அந்த நோய் வராதுலா, மேடம்!" எல்லோரும் வெளியே ஓடி, புகை அடங்கியதும் திரும்பி வந்து உட்கார்ந்தோம்.

"கொசுவால வராது. பாதுகாப்பில்லாத உறவால, ஒரே ஊசியப் பலபேர் போட்டா வரும். எல்லாரும் டெஸ்ட் எடுங்க" என்றேன்.

முன்வரிசையில் இருந்த தோட்டத் தொழிலாளி டோரின் அக்கா விடவில்லை. "ஒங்க வீட்டுக்காரரு எடுத்தாரா?"

"அவரு நல்லவரு."

"எங்காளும் நல்லவருதாம்மா!"

கூட்டமே சிரித்தது.

பாப்பாவின் வாசனைக்கு, அவளுடைய துவைக்காத சட்டை ஒன்று அனுப்புங்கள். நீங்களும் டெஸ்ட் எடுத்துவிடுங்கள், நானும் எடுக்கிறேன். உங்கள்மேல் சந்தேகமில்லை, ஆனால் அடுத்த வாரமும் அந்த அக்கா முன்வரிசையில்தான் உட்காருவார்.

தூக்கத்தில் கண் சொக்குகிறது,
விஜிதா